பழுதான பலகையிலே பொன்

தீபாவளிக்கு முன் வீட்டை ஒழித்துத் துப்புரவு செய்வது மும்பையில் எல்லா மொழியினரும் கைக்கொள்ளும் வழக்கம். முலுண்டில், பாஞ்ச் ரஸ்தா என்னும் ஐந்து தெருச் சந்திப்பின் அருகே உள்ள எங்கள் வீட்டிலும் அவ்வாறு ஒழித்தபோது, பரணிலிருந்து பழைய கணினி ஒன்றும் மேசை இழுப்பறையிலிருந்து பேச்சு மூச்சற்ற கைபேசிகள் ஐந்தும் வெளிவந்தன. தெருவில் ‘பங்கார்’ என்று குரல் கொடுத்துச் செல்லும் வியாபாரியை மேலே அழைத்தோம். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தந்தவர்களை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்; அவர்களுடைய மும்பை வடிவம்தான் இந்தப் பங்கார் வியாபாரி.

அவர் கணினியின் தகரக் கூட்டைத் தராசில் தொங்கவிட்டார். அதற்கு இரும்பு விலை சொன்னார். பிறகு உள்ளே இருந்த பச்சைப் பலகையை மட்டும் திருகு கழற்றித் தனியே எடுத்தார். அதற்கு அவர் சொன்ன விலை இரும்பு விலையினும் பல மடங்கு அதிகம். காரணம் கேட்டேன். “இது குர்லாவுக்குப் போகும், பாபுஜி. அங்கிருந்து எங்கள் ஊர்ப்பக்கம், மொராதாபாத்துக்குப் போகும். தேஜாப்பில் போட்டால் தங்கம் வரும்” என்றார். தேஜாப் என்பது திராவகத்திற்கு இந்துஸ்தானியில் வழங்கும் பெயர். தாமும் தமையனாரோடு இரண்டு ஆண்டுகள் அவ்வேலை செய்ததாகவும், மார்பு தாங்காமல் மும்பைக்கு வந்துவிட்டதாகவும் சொல்லி, முழங்கைக்குக் கீழே இருந்த தழும்புகளைக் காட்டினார். “அண்ணன் இன்னும் அதே வேலைதான். அவர் கையைப் பார்த்தால் மஞ்சள் பூசியது போல இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது” என்றார்.

பலகையிலிருந்து தங்கம் வரும் என்று அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. அந்தத் தங்கம் அங்கே எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

மின்சாரத்தைக் கடத்துவதில் முதலிடம் வெள்ளிக்கு, அடுத்தது செம்பு, தங்கம் மூன்றாவதே. ஆயினும் செம்பு களிம்பேறும்; வெள்ளி கறுத்துப் போகும். தங்கத்திற்கு இவ்விரு குற்றங்களும் இல்லை. மிக நுண்ணிய மின்சாரம் ஆண்டுக்கணக்கில் தடையின்றிச் செல்ல வேண்டிய இடங்களில் தங்கத்தை விட்டால் வேறு நல்ல துணை இல்லை. கணினியின் நினைவுத் தகட்டின் ஓரத்தில் சீப்பின் பற்களைப் போல வரிசையாக மின்னுகின்றனவே, அவை தங்க முலாம் பூசியவை. முலாத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. சில்லுகளுக்குள்ளே தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பிகள் இருக்கின்றன; தங்கத்தின் விலையை எண்ணி இப்போது பல சில்லுகளில் செம்புக் கம்பி வைக்கிறார்கள். உறுப்புகளைப் பலகையோடு ஒட்டவைக்கும் பற்றாசில் வெள்ளி சிறிது உண்டு. எள்ளினும் சிறிய மின்தேக்கிகள் சிலவற்றில் பல்லேடியம் என்னும் அரிய உலோகம் உண்டு. எடையில் மிகுதி செம்புதான். பலகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

தனி ஒரு கைபேசியில் உள்ள தங்கம் ஏறக்குறைய 0.03 கிராம். ஒரு பவுன் சேர வேண்டுமானால் 250 கைபேசிகளுக்கு மேல் வேண்டும். என் இழுப்பறையில் இருந்த ஐந்தையும் உருக்கினால் ஒரு மூக்குத்திக்குக்கூடக் காணாது. ஆனால் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. இன்றைய தங்கச் சுரங்கங்களில் ஒரு டன் பாறைக்கு 5 கிராம் தங்கம் கிடைத்தால் அதை நல்ல தாது என்பார்கள். மின்கலம் நீக்கிய கைபேசிகள் ஒரு டன்னில் 300 கிராம் அளவும், கணினிப் பலகைகள் ஒரு டன்னில் 200 கிராம் அளவும் தங்கம் இருக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானிய மக்கள் 2017 முதல் 2019 வரை 62 இலட்சம் கைபேசிகளையும், வேறு சிறு மின்கருவிகளாக ஏறத்தாழ 79,000 டன்னையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றிலிருந்து 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் கிடைத்தன. பதக்கங்கள் ஐயாயிரத்திற்கும் அதுவே போதுமானதாயிற்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்கருவிக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கணக்கிடுகிறது. முறையாகத் திரட்டி மீட்டதாகப் பதிவானது அதில் நூற்றுக்கு 22 பங்கே.

இனி, தேஜாப்பின் வேலையைப் பார்ப்போம். தங்கம் எளிதில் எதனோடும் சேராத உலோகம். வெடியுப்புத் திராவகம் என்று நம் முன்னோர் கூறிய நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியும் செம்பும் கரையும், தங்கம் கரையாது. உப்புத் திராவகமாகிய ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தனியே தங்கத்தை அசைக்காது. ஆனால் முன்னதில் ஒரு பங்கும் பின்னதில் மூன்று பங்கும் கலந்தால் தங்கம் கரைந்துவிடுகிறது. உலோகங்களின் அரசனையே கரைப்பதால் அக்கலவைக்கு இராஜ திராவகம் என்று பெயர். நைட்ரிக் அமிலம் தங்கத்தின் மேற்பரப்பிலிருந்து அணுவை மிகச் சிறிதளவே பெயர்க்க வல்லது. பெயர்ந்த அணு மீண்டும் போய் ஒட்டிக்கொள்ளும் முன் உப்புத் திராவகத்தின் குளோரின் நான்காகச் சூழ்ந்து அதைப் பற்றிக்கொள்கிறது. ஒன்று கதவைத் திறக்க, மற்றொன்று கைப்பிடித்து வெளியே அழைத்துப் போகிறது எனலாம். திறப்பவன் மட்டுமோ, அழைப்பவன் மட்டுமோ இருந்தால் காரியம் ஆகாது.

கரைந்த தங்கம் அழிந்துவிடுவதில்லை. இதற்கு விஞ்ஞான வரலாற்றிலே சுவையான சான்று ஒன்று உண்டு. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் கோபன்ஹேகன் நகருக்குள் புகுந்தபோது, நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகிய இருவருடைய நோபல் பதக்கங்கள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அந்நாளில் பெருங்குற்றம். பதக்கங்களிலோ உரியவர் பெயர் பொறித்திருந்தது. அங்கே பணிபுரிந்த ஹங்கேரிய அறிஞர் ஜார்ஜ் ஹெவெசி அவற்றை இராஜ திராவகத்தில் கரைத்து, குடுவையை அலமாரியிலே மற்றக் குடுவைகளோடு வைத்துவிட்டார். தேடி வந்தவர்கள் கண்ணில் அது ஆரஞ்சு நிறத் தண்ணீராகவே பட்டிருக்கும். போர் முடிந்தபின் குடுவை வைத்த இடத்திலேயே இருந்தது. தங்கம் மீட்கப்பட்டது, நோபல் அறக்கட்டளை பதக்கங்களை மீண்டும் வார்த்து இருவருக்கும் வழங்கியது.

மீட்பதற்கும் பெரிய சூத்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையிலே கிடைக்கும் அன்னபேதி இருக்கிறதே, அதன் கரைசலைச் சேர்த்தால் தங்கம் மட்டும் பொடியாகி அடியில் படிந்துவிடும். செம்பும் இரும்பும் கரைசலிலேயே நின்றுவிடும். படிவது பொன்னிறத்தில் இராது. காப்பிப் பொடியைப் போலப் பழுப்பாக இருக்கும். அதை மூசையில் இட்டு உருக்கினால்தான் பொன் தன் நிறத்தைக் காட்டும். இக்கலையை நம் நாட்டில் கைத்தொழிலாகவே கொண்டவர்கள் உண்டு. சாங்லி மாவட்டத்து விட்டா, ஆட்பாடி, கானாபூர்ப் பகுதிகளைச் சேர்ந்த மராத்தியர் பலர் ‘கலாய்’ வேலை என்று சொல்லப்படும் தங்க வெள்ளிச் சுத்திகரிப்பில் தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். மும்பையின் ஜவேரி பஜாரில் மட்டுமன்றி, மதுரை, கோயம்புத்தூர் நகைக்கடைத் தெருக்களிலும் அவர்களுடைய பட்டறைகளைக் காணலாம். நாம் பிழைப்பு நாடி மகாராஷ்டிரத்திற்கு வந்தோம். அவர்கள் நம் தங்கத்திற்கு மாற்றுப் பார்க்கத் தமிழ்நாட்டிற்குப் போனார்கள்.

தங்கத்தைக் கரைத்தெடுக்கும் மற்றொரு முறையோ தமிழர் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வோடு கலந்தது. கோலார் தங்கவயலைத்தான் சொல்கிறேன். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம்மவர் அங்கே பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கி உழைத்தார்கள். மேலே வந்த பாறையைத் தூளாக்கி, பாதரசம் தடவிய தகடுகளின்மீது ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடிப்பது ஆதியில் இருந்த முறை. அதில் அகப்படாத நுண்தூள் மிகுதி. 1887-இல் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தர் என்னும் இரசாயனரும் ஃபாரஸ்ட் சகோதரர் இருவரும் புதுவழி கண்டார்கள். ஆயிரம் பங்கு நீரில் ஓரிரு பங்குக்கு மேற்படாத சயனைடு, அதனோடு காற்று, பாறைத்தூள் இவை கூடினால் தங்கம் கரைசலுக்குள் வந்துவிடும். அக்கரைசலில் துத்தநாகத்தைப் போட்டால் தங்கம் வெளிப்படும். இம்முறை வந்தபின், கழிவென்று ஒதுக்கிய தூளிலிருந்தும் கோலாரில் மீண்டும் பொன் எடுத்தார்கள்.

எடுத்தபின் எஞ்சிய தூள் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. உரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் குடியிருப்புகளின் அருகே சாம்பல் நிறக் குன்றுகளாக நின்றுவிட்டது. அங்குள்ளோர் அவற்றை இன்றும் சயனைடு மேடு என்கின்றனர். காற்றுக் காலத்தில் அத்தூள் பறந்து வீட்டுக்குள்ளே சோற்றுத் தட்டுவரை வரும் என்று, அங்கே பிறந்து வளர்ந்து இப்போது செம்பூரில் வசிக்கும் முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது, சம்பளம் நின்றது, மேடு நின்றபடியே இருக்கிறது. 13 மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கும் மேல் இருக்கும் என்பது மதிப்பு. அவற்றிலும் டன்னுக்கு ஒரு கிராமுக்குக் குறைவாகத் தங்கம் எஞ்சியிருப்பதால், மீண்டும் கரைத்தெடுக்க 2024-இல் கர்நாடக அரசு இசைவு தந்தது.

கழிவு மேட்டைப் பற்றி முலுண்டுவாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிழக்கே ஹரி ஓம் நகரை அடுத்து, 1960-களின் பிற்பகுதி முதல் 2018 வரை மும்பை மாநகரம் தன் குப்பையைக் கொட்டிய மேடு இருக்கிறது. 24 ஹெக்டேர் பரப்பில் 70 இலட்சம் டன் சேர்ந்ததாகக் கணக்கிட்டு, அதைத் தோண்டிச் சலித்து அகற்றும் வேலையை மாநகராட்சி மேற்கொண்டது. மின்கருவிகளைத் தனியே பிரிக்க வேண்டும் என்ற சட்டம் வருமுன்னர் வீடுகளில் பழுதான வானொலிப் பெட்டிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் எத்தனை அதில் புதைந்திருக்குமோ!

மின்சுற்றுப் பலகைக்குச் சயனைடு அவ்வளவு பொருந்துவதில்லை. சயனைடு தங்கத்தை மட்டும் கரைப்பதன்று, செம்பையும் கரைக்கும். பலகையிலே செம்பு மலையளவு, தங்கம் கடுகளவு. எனவே போட்ட சயனைடு முழுவதையும் செம்பே தின்றுவிடும். முதலில் கந்தகத் திராவகத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கொண்டு செம்பை நீக்கியாக வேண்டும். பிறகு பலகைத் தூளை நன்றாகக் கழுவாமல், அமில ஈரத்தோடு சயனைடுத் தொட்டியில் இட்டால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் வாயு எழும். அருகில் இருப்பவரை அது சில நிமிடங்களில் கொன்றுவிடும். ஆகையால் சயனைடைத் தவிர்த்து வேறு கரைப்பான்களைத் தேடுகிறார்கள். தயோயூரியா ஒன்று. தயோசல்பேட் மற்றொன்று. இது வேறொன்றுமில்லை, புகைப்படக்காரர் இருட்டறையிலே பயன்படுத்திய ஹைப்போ உப்பேதான். படச்சுருளில் ஒளி படாத வெள்ளி உப்பை அது கரைத்து நீக்கும். அந்தக் கழிவுக் கரைசலிலிருந்து வெள்ளியை மீட்பது படத்தொழில் தழைத்த மும்பைக்குப் பழகிய தொழிலே. ஜாம்ஷெட்பூரில் வாழும் நேயர்கள் அறிந்த தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடத்திலும், ஐதராபாத்தில் மின்னணுப் பொருள்களுக்கான ‘சிமெட்’ மையத்திலும் இத்தகைய முறைகளை ஆராய்ந்து வருகிறார்கள். நுண்கிருமிகளைக் கொண்டு செம்பைக் கரைக்கும் முறையும் உண்டு. மெதுவாக நடப்பதால் அது இன்னும் பெருந்தொழிலாகவில்லை.

ஆக, தங்கத்தைக் கரைப்பது மனிதன் வெகு காலமாக அறிந்த வித்தை. அதில் மர்மம் எதுவும் இல்லை. சிக்கலெல்லாம் கரைசலின் மிச்சத்தில்தான் இருக்கிறது.

பங்கார் வியாபாரியின் தமையனாரைப் போன்றவர்கள் வேலை செய்யும் இடத்தை எண்ணிப் பாருங்கள். குர்லாவிலும் சாக்கி நாக்காவிலும் தாராவியிலும் பெரும்பாலும் பிரிப்பதும் தரம்பார்ப்பதுமே நடக்கின்றன. பலகைகள் லாரியேறி வடக்கே போகின்றன. தில்லியின் சீலம்பூரிலும், பித்தளைப் பாத்திரத்திற்குப் பேர்போன மொராதாபாத்திலும் அவற்றை அடுப்பின்மேல் காய்ச்சுகிறார்கள். பற்றாசு இளகி உறுப்புகள் உதிரும். கூடவே ஈயப் புகை எழும். பலகை தீப்பற்றாதிருக்க அதில் புரோமின் சேர்ந்த பொருள்களைக் கலந்திருக்கிறார்கள். அதைத் திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சுகள் பிறக்கின்றன. தங்கம் தெரியும் துண்டுகளைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு அமிலத்தை ஊற்றுகிறார்கள். நைட்ரிக் அமிலம் தோலிலுள்ள புரதத்தோடு சேர்ந்து மஞ்சளாகிவிடும். அந்தத் தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை நிறம் போகாது. தமையனார் கையில் சோப்புக்கு மசியாத மஞ்சள் இதுவே.

கையைவிட மார்புக்குத்தான் ஆபத்து அதிகம். வாளியிலிருந்து செம்பழுப்பு நிறமாக எழும் நைட்ரஜன் டையாக்சைடு ஒரு விசித்திரமான வாயு. சுவாசித்த அப்பொழுதே அது ஆளை வீழ்த்துவதில்லை. சிறிது இருமல் வரும், அடங்கிவிடும், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். காரணம் பகலிலே சுவாசித்த புகை என்பது வீட்டாருக்கும் தோன்றாது. வைத்தியருக்கும் யாரும் சொல்லமாட்டார்கள். இப்போது இணையத்திலே ‘வீட்டிலேயே தங்கம் எடுக்கலாம்’ என்று படம்பிடித்துக் காட்டுவோர் பெருகிவிட்டனர். அப்படத்தில் புகையின் நிறம் தெரியும். அன்றிரவு என்ன நடந்தது என்பது தெரியாது. சமையலறையிலோ மாடியிலோ இதைச் செய்து பார்க்கலாம் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் சொன்னால், தயவுசெய்து இந்த ஒரு செய்தியை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவு துன்பத்திற்கும் கிடைக்கும் பலனாவது முழுமையா என்றால், அதுவும் இல்லை. இத்தகைய சிறு பட்டறைகளைப் பெங்களூரில் ஆராய்ந்தவர்கள், பலகையில் இருந்த தங்கத்தில் நான்கில் ஒரு பங்கு அளவே கைக்கு வந்ததாகக் கண்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த முலாம் மட்டுமே அமிலத்திற்குப் போகிறது. சில்லுக்குள் மறைந்த கம்பிகள் சாம்பலோடு போகின்றன. இராஜ திராவகத்தில் வெள்ளி கரைவதில்லை. தயிர்க்கட்டியைப் போல வெள்ளிக் குளோரைடாக அடியில் படிந்துவிடும். அதைக் கசடு என்று கொட்டிவிடுவோர் உண்டு. பல்லேடியத்தைக் கேட்பாரே இல்லை. செம்பும் ஈயமும் கலந்த மிச்ச அமிலம் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. எரித்த பலகைச் சாம்பலை மொராதாபாத்தில் இராமகங்கை ஆற்றின் கரையிலேயே அலசினார்கள்; ஆற்றங்கரை மண்ணில் ஈயமும் பிற கன உலோகங்களும் ஏறியிருப்பது ஆய்வுகளில் வெளிப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட நேர்ந்தது.

முறையான ஆலையிலும் இதே அமிலங்கள்தான். வேற்றுமை மூடியில் இருக்கிறது. கலம் மூடியிருக்கும், எழும் புகையைக் காரக் கரைசலின் ஊடே இழுத்து அடக்குவார்கள். செம்பை மின்பகுப்பால் தகடாகப் பிரிப்பார்கள். மிச்ச நீரில் சுண்ணாம்பு சேர்த்து உலோகங்களைச் சேறாகப் படியவைத்து, அச்சேற்றை அபாயக் கழிவுக்கென்று அமைத்த இடத்தில் புதைப்பார்கள். மும்பை வட்டாரத்திற்கு அத்தகைய இடம் தலோஜாவில் இருக்கிறது. செம்பூரிலும் தேவ்னாரிலும் வாழ்வோருக்குப் பக்கத்திலேயே இதைவிடக் கடினமான கரைப்புவேலை நடந்து வருவது நினைவிருக்கலாம். டிராம்பேயில், அணு உலையிலிருந்து எடுத்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலை 1964-இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அதைச் செய்ய வல்ல நாட்டிற்குக் கணினிப் பலகை அரிய காரியம் அன்று.

பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரை அடுத்த ஹோபோக்கனில் யூமிகோர் நிறுவனம் பலகைகளைப் பேருலையிலிட்டு உருக்குகிறது. உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் தன்னோடு இழுத்துக்கொள்ள, பின்னர் அமிலத்தாலும் மின்பகுப்பாலும் அவற்றைப் பிரிக்கிறார்கள். இவ்வழியில் தங்கம் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் மீளும். அங்கும் எல்லாம் குறையற்றதாகிவிடவில்லை. ஆலையை அடுத்து வசிக்கும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பது 2020-இல் பெரும் விவாதமாயிற்று. பிரிட்டனின் அரசு நாணயச்சாலை 2024-இல் வேல்ஸ் நாட்டின் லாண்ட்ரிசண்டில், உலை இல்லாமல், சாதாரண வெப்பநிலையிலேயே சில நிமிடங்களில் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் ஆலையைத் திறந்தது.

நம் நாட்டில் மின்கருவிக் கழிவுக்கென்று தனி விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் அவை திருத்தி எழுதப்பட்டன. இப்போதுள்ளவை 2023 ஏப்ரல் 1 முதல் வழங்குபவை. கருவியை உற்பத்தி செய்பவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது இவற்றின் சாரம். தாம் விற்றதற்கு ஈடாக, குறித்த அளவு கழிவு பதிவு பெற்ற ஆலையில் மீட்கப்பட்டது என்பதற்கான சான்றிதழை அவர் வாங்கிக் காட்ட வேண்டும். சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்னும் நான்கு உலோகங்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வெள்ளியும் பல்லேடியமும் அக்கணக்கில் இல்லாதது குறை என்றே எனக்குத் தோன்றுகிறது. கணக்கில் வராததை எவரும் வருந்தி மீட்கமாட்டார்கள்.

இவ்விதிகளையெல்லாம் மறுமுறை வந்த பங்கார் வியாபாரியிடம் சொல்லி, பலகைகளைப் பதிவு பெற்ற ஆலைக்கே விற்கலாமே என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அவர்கள் பில் கேட்பார்கள், வரி எண் கேட்பார்கள். ஒரு வண்டிச் சரக்காவது இல்லாமல் வரமாட்டார்கள். பணமோ பதினைந்து நாள் கழித்துப் பாங்கியில் வரும். குர்லாவில் அன்று மாலையே கையில் கொடுத்துவிடுவான். மாலையில் எனக்கு மாவு வாங்கியாக வேண்டுமே, பாபுஜி!” என்றார்.

விதிகளை வகுத்தவர்கள் இந்த மாலைநேரத்தை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே உள்ள தூரத்தை இந்த நகரத்தில் கடப்பவர் அவர் ஒருவரே. அவரை விலக்கிவிட்டு எந்த ஆலைக்கும் சரக்குப் போய்ச் சேராது. புனே நகரில் கழிவு திரட்டுவோரே உறுப்பினராக உள்ள ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பு, வீடுகளிலிருந்து மின்கருவிக் கழிவையும் வாங்கி உரிய இடத்திற்கு அனுப்புகிறது. முலுண்டில் எங்களுக்கு அத்தகைய வசதி இல்லை. ஆகவே எங்கள் கட்டடத்துச் சங்கக் கூட்டத்தில் பேசி, காவலாளி அறையில் ஒரு மரப்பெட்டி வைத்தோம். பக்கத்துக் கட்டடங்கள் மூன்றும் சேர்ந்துகொண்டன. பெட்டிக்குப் பொறுப்பாளராக அந்த வியாபாரியையே வைத்தோம். கைபேசிகளில் உப்பிய மின்கலம் இருந்தால் தனியே எடுத்து மணலில் வைக்க வேண்டும் என்பதை அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கொடுக்குமுன் உள்ளே இருக்கும் படங்களையும் கணக்கு விவரங்களையும் அழித்துவிட வேண்டும் என்பதை நாங்கள் எல்லாருக்கும் எழுதி ஒட்டினோம்.

நாலு மாதத்தில் பெட்டி மும்முறை நிறைந்தது. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ள ஒரு நிறுவனத்திற்கு எழுதினோம்; வண்டி வந்தது. பலகைகளும் கைபேசிகளும் 41 கிலோ. மற்றவை 300 கிலோவுக்கு மேல். தராசு பிடித்தவர் நம் வியாபாரிதான். அவர்களுடைய மின்தராசு காட்டிய எடையைத் தம் பழைய தராசில் ஒருமுறை சரிபார்த்த பிறகே ஏற்ற விட்டார். தொகையில் பாதி அவருக்கு என்பது முன்னரே பேசி முடித்தது. அது வந்து சேர 18 நாள் ஆயிற்று. அந்தப் 18 நாளுக்கும் அவர் குர்லாவை நாடாதிருக்க, சங்கத்துச் சில்லறைச் செலவுப் பணத்திலிருந்து அவருக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். அடுத்த வண்டி எப்போது வரும் என்று இப்போது அவர்தான் என்னைக் கேட்கிறார். தமையனாரையும் இங்கே வரவழைக்க எண்ணம் உண்டாம்; மற்றோரிடத்திலும் இப்படி ஒரு பெட்டி வைக்க முடியுமா என்று பாண்டுப் பக்கத்துக் கட்டடங்களில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.